நிழலில் வண்டி, வெயிலில் பேனல்: சென்னையில் எட்டு நாள் வேன் குடித்தனம்

முதல் நாள், சனி

எங்கள் வில்லிவாக்கம் வீட்டுக்குக் குடிவந்தவரிடம் என் வீட்டம்மா சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். தண்ணீர்த் தொட்டி வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. டெஃப்லான் டேப்பைப் பிரித்து மறுபடி பத்துச் சுற்று சுற்றியதும் நின்றது. எழுந்து வந்தால் அவள் வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்கிறாள். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள வண்டிய எடுங்க" என்றாள். சட்டையில் கிரீஸோடு எடுத்தேன்.

பெரம்பூர் ஐசிஎஃப்பில் ரயில் பெட்டிக்கு ஒயரிங் செய்தே 36 வருஷம் ஓட்டியவன் நான். ஊர் சுற்ற ரயில்வே பாஸ் இருக்கும்போது வேன் எதற்கு, அதிலேயே குடித்தனம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாளில்லை. பாஸில் போனால் லாட்ஜ் வாடகையை யார் கொடுப்பது என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். நிஜமான பதில், ஆயுசு முழுக்க மற்றவர்கள் போக வரப் பெட்டி செய்தாயிற்று, எனக்கென்று ஒன்று செய்துகொள்ள ஆசை. அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

வண்டி ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேனாக ஓடிய டெம்போ டிராவலர். 6,40,000 ரூபாய். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில், அலமாரி, அடுப்பு மேடை, பேட்டரி, சோலார் என்று உள்ளே போட்டது இன்னொரு 4,10,000. இதில் எல்லோரும் மறப்பது ஆர்டிஓ வேலையை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவின்படி ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக்கி, உள்ளே செய்த மாற்றத்தையும் ஆர்சியில் ஏற்றி முடிக்க எனக்கு நாலு மாசம் ஆனது. அலைச்சல்தான். ஆனால் அதைச் செய்யாமல் விட்டு, நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

தூரதேசம் போவதற்கு முன்னால் ஒரு வாரம் சென்னைக்குள்ளேயே இருந்து பார்ப்பதாகத் திட்டம். எது கெட்டாலும் எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, வண்டிச் சாமானுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது, அம்பத்தூரில் மச்சான் பட்டறை இருக்கிறது. ராத்திரி திருவான்மியூரில் பழைய சகா ஒருவரின் வீட்டு வாசலில் நிறுத்தினோம். கடற்கரை ஓரமே நிறுத்தலாமே என்று ஆசைப்பட்டேன். ரோந்து வந்த போலீஸ்காரர், "ஐயா, ராத்திரி இங்க வேணாம்" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டாம் நாள், ஞாயிறு

பங்குனிதான், கத்திரி இன்னும் வரவில்லை. இருந்தாலும் இன்று மத்தியானம் வண்டிக்குள் தெர்மாமீட்டர் 41 காட்டியது. வெளியே 35.

காரணம் நானேதான். கூரையில் 200 வாட் பேனல் இரண்டு. அவற்றுக்கு வெயில் வேண்டும் என்று தெருவில் மரமில்லாத பக்கமாகப் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தேன். எதிரே இருபதடி தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரம் குடை மாதிரி விரிந்து நிற்கிறது. அதன் கீழே ஒரு இஸ்திரி வண்டிக்காரர் நிம்மதியாகத் துணி தேய்த்துக்கொண்டிருக்கிறார். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிற மனுஷன் எங்களைவிடக் குளுமையாக இருந்தார்.

"ஏசி ஒண்ணு போட்டிருக்கலாம்" என்றாள் வீட்டம்மா. இந்த வாரம் முழுக்க இந்தப் பேச்சுதான் ஓடப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஏர் கூலர் என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். அது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. சென்னைக் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அவ்வளவு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகவே மனசு வைக்காது. மதுரைப் பக்கம் வேலை செய்யும், இங்கே உடம்புதான் பிசுபிசுக்கும்.

கடல்காற்று 2 மணிக்கு மேல் வந்தது. சன்னல் இரண்டையும் திறந்து கூரை விசிறியை வெளியே இழுக்கும்படி திருப்பிவிட்டதும் சூடு இறங்கத் தொடங்கியது. 5 மணிக்குத்தான் 34.

மூன்றாம் நாள், திங்கள்

ரிச்சி தெருவுக்கு இந்த வண்டியோடு போவது கட்டை வண்டியைக் கோயில் கருவறைக்குள் விடுவது மாதிரி. திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தேன். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலும் மூடிக்கிடக்கும்.

வாங்கப் போனது ஷண்ட் வைத்த பேட்டரி மீட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேன் வீடு கட்டுகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை விட்டுவிட்டு வோல்ட் மீட்டர் ஒன்றைப் பதித்துக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு. பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கு அது போதும். சார்ஜ் இறங்க இறங்க வோல்ட்டும் பார்க்கத் தெரிகிற மாதிரி இறங்கும். எங்களிடம் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட் 200 ஏஹெச் (ஆம்பியர் அவர்). அதன் குணம் வேறு. 70 சதவீதத்திலும் 13.2 சொச்சம் காட்டும், 40 சதவீதத்திலும் ஏறக்குறைய அதையேதான் காட்டும். கடைசியில் பள்ளத்தில் விழுந்த மாதிரி சரியும். உறைக்குள் இருக்கிற சிலிண்டரைக் கண்ணால் பார்த்து எத்தனை நாள் கேஸ் வரும் என்று சொல்கிற கதைதான். ஷண்ட் என்பது பேட்டரியின் மைனஸ் பக்கம் போடுகிற ஒரு பித்தளைக் கட்டை. உள்ளே போகிற, வெளியே வருகிற ஒவ்வொரு ஆம்பியரும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். மீட்டர் வரவு செலவு எழுதிக்கொண்டே இருக்கும். வீட்டம்மாவின் பால் கணக்கு நோட்டு மாதிரி.

1,850 கேட்டார், 1,600க்கு முடிந்தது. மைனஸ் ஒயர் ஒன்றுகூட ஷண்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பேட்டரிக்குப் போகக் கூடாது, போனால் கணக்கு பொய்யாகிவிடும். மாட்டி முடிக்க ராத்திரி 9 மணி.

மாட்டியதும் ஒரு வேடிக்கை. வீட்டம்மா வெயிலில் கிடந்த நாலு பாட்டில் தண்ணீரை, மொத்தம் 5 லிட்டர், ஃபிரிட்ஜில் வைத்தாள். 12 வோல்ட்டில் ஓடும் 42 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் அது. மீட்டர் உடனே 4 ஆம்பியருக்கு ஏறி இறங்க மறுத்தது. விடிந்து பார்த்தால் அந்தத் தண்ணீரைக் குளிர வைக்க மட்டும் 120 வாட் அவர் அளவுக்குப் போயிருக்கிறது. ஒரு விசிறி பத்து மணி நேரம் சுற்றியிருக்கும். நாளையிலிருந்து மண்பானை. பானைக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் வண்டி ஓடும்போது அதை யார் மடியில் வைத்துக்கொள்வது என்பது இன்னும் தீரவில்லை.

நான்காம் நாள், செவ்வாய்

இட்லி மாவு அரைத்த கதை.

டேபிள் டாப் கிரைண்டரை வண்டியில் ஏற்றவே கூடாது என்றேன். "மாவு பாக்கெட் வாங்கிச் சாப்பிடவா ஊர் சுத்தக் கிளம்பினோம்?" என்றாள். ஏற்றினோம். மோட்டார் 150 வாட்தான், நாற்பது நிமிஷம் ஓடினாலும் 100 வாட் அவர், எங்கள் பேட்டரியில் நாலு சதவீதம். கணக்கில் ஒரு குறையும் இல்லை.

கிரைண்டர் உளுந்தை ஆட்டி முடித்தது. அரிசியைப் போட்டுவிட்டு, கொஞ்சம் தேங்காய்ச் சட்னிக்காக மிக்ஸியையும் கூடவே தட்டினாள். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கித் தருகிற இன்வெர்ட்டர் "கீய்ங்" என்று கத்திவிட்டு அணைந்தது. லோ வோல்டேஜ். மீட்டரைப் பார்த்தால் பேட்டரி 78 சதவீதம்! மறுபடி போட்டோம், மறுபடி கத்தியது.

முதலில் பேட்டரி விற்றவரைத் திட்டினேன். அப்புறம் இன்வெர்ட்டரை. அப்புறம்தான் பெட்டியைத் திறந்து கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். பிளஸ் கேபிள் பாதியில் சில்லென்றுதான் இருந்தது. இன்வெர்ட்டர் முனையில் லக், அதாவது கேபிள் நுனியில் பிடிக்கிற உலோகக் காது, கையைச் சுட்டது. ரப்பர் ஸ்லீவ் லேசாகப் பளபளவென்று உருகத் தொடங்கியிருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

இனி எழுதுவதை என் பழைய சூப்பர்வைசர் படிக்கக் கூடாது. அந்த லக்கை நான் சுத்தியலால் அடித்துக் கேபிளில் பிடித்திருந்தேன். கிளம்புகிற அவசரம், லக்கை நசுக்கிப் பிடிக்கிற ஹைட்ராலிக் கிரிம்பர் கையில் இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. 35 சதுர மில்லிமீட்டர் செம்பு இழைகளில் பாதிக்குக்கூட லக்கோடு சரியான உறவில்லை.

வீட்டில் 230 வோல்ட்டில் ஆயிரம் வாட் என்றால் நாலரை ஆம்பியர், ஒரு சாதா ஒயர் தாங்கும். அதே ஆயிரம் வாட்டை 12 வோல்ட்டிலிருந்து இழுத்தால் 90 ஆம்பியர். அந்த இணைப்பில் வெறும் 10 மில்லி ஓம் தடை இருந்தால் போதும், அந்த ஒரு இடத்திலேயே 0.9 வோல்ட் காணாமல் போகும், 80 வாட் சூடாக மாறும். சால்டரிங் அயர்ன் ஒன்றை எரியவிட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்த மாதிரி. பேட்டரி நிறைய இருந்தும் இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரும்போது வோல்ட் இல்லை, அதனால் கத்தியிருக்கிறது. அது கத்தியதால்தான் பிழைத்தோம். பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 150 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்திருந்தேன்; ஆனால் இந்த மாதிரிக் கோளாறில் ஃப்யூஸ் போகாது, கரண்ட் அளவுக்குள்தானே ஓடுகிறது. ஃப்யூஸ் இருக்கிறதே என்று நம்பித் தூங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பெரிய லோடு ஓடும்போது 12 வோல்ட் பக்கத்து முனைகளை எல்லாம் புறங்கையால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

"36 வருஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டம்மா உள்ளே போய்விட்டாள். மிச்ச மாவைச் சகா வீட்டுக் கிரைண்டரில் ஆட்டினோம்.

ஐந்தாம் நாள், புதன்

அம்பத்தூர் எஸ்டேட். மச்சான் பட்டறையில் ஹைட்ராலிக் கிரிம்பர் இருக்கிறது. நாலு லக்கையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போட்டோம். அறுகோணமாக நசுங்கி, இழுத்தால் கை வலிக்கிறதே தவிர லக் அசையவில்லை. மிக்ஸியும் கிரைண்டரும் சேர்ந்து ஓடின, முனை குளுமையாக இருந்தது.

ராத்திரி மச்சான் வீட்டு வாசலில் தங்கல். 15 ஆம்ப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து 20 ஆம்பியர் சார்ஜரைப் போட்டால் காலியிலிருந்து நிறைய ஏறக்குறைய பத்து மணி நேரம். ஒரு முழு சார்ஜுக்கு இரண்டரை மூன்று யூனிட் (ஆயிரம் வாட் அவர் ஒரு யூனிட்). காசு கொடுக்கப் போனால் மச்சான் முறைத்தார். பலாப்பழம் ஒன்று வாங்கி வைத்தோம். கணக்குப் பார்த்தால் அந்தப் பழத்துக்கு ஒரு மாசம் சார்ஜ் போடலாம்.

இந்த யூனிட் கணக்கு வந்ததால் சொல்கிறேன். வண்டி ஓடும்போது இஞ்சின் சுற்றுகிற ஆல்டர்நேட்டரிலிருந்து 30 ஆம்ப் டிசி டிசி சார்ஜர் வழியாக மணிக்கு 400 வாட் அவர் ஏறும். அப்படியானால் நிறுத்தி வைத்து இஞ்சினை ஓடவிட்டே சார்ஜ் செய்யலாமே என்று மச்சான் பையன் கேட்டான். ஒரு யூனிட்டுக்கு இரண்டரை மணி நேரம் ஐடிலில் ஓட வேண்டும், டீசல் இரண்டு லிட்டராவது குடிக்கும். ஈபியில் கைக்காசுக்குக் கிடைக்கிற ஒரு யூனிட்டை 180 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குவதாகும், புகையும் அண்டை வீட்டார் வசவும் தனி. ஓடும்போது கிடைப்பது லாபம். அதற்காகவே ஓட்டுவது நஷ்டம்.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்ததும் ஏசி விஷயம் சபைக்கு வந்தது. மச்சான் ஏசி கட்சி. "முக்கா டன் இன்வெர்ட்டர் ஏசி போதும் மாமா, கொஞ்சூண்டு இடம்தானே" என்றார். நான் பேப்பர் எடுத்தேன். தகர உடம்பு வண்டி, சென்னை ராத்திரி. சராசரி 400 வாட் என்று தாராள மனசோடு வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 3,200 வாட் அவர். பேட்டரி மொத்தமே 2,560. இன்னொரு பேட்டரி 48,000, ஏசியும் மாட்டுகிற கூலியும் 35,000 என்றே வைத்துக்கொள்வோம். அந்த இரண்டாவது பேட்டரியை நிரப்புவது யார்? கூரை பேனல் இரண்டும் ஒரு நாளில் கொடுப்பது 1,350, அதையும் நாங்கள் 1,300 வரை செலவழித்துவிடுகிறோம். ஆக, தினம் ராத்திரி யார் வீட்டுப் பிளக்கையாவது தேடிப் போக வேண்டும்.

ரயிலில் இதை நான் கண்ணால் பார்த்தவன். ஏசி இல்லாத பழைய பெட்டிக்கு அடியில் 4.5 கிலோவாட் ஆல்டர்நேட்டர் ஒன்று பெல்ட்டில் சுற்றினால் போதும், எழுபது பேருக்கு விளக்கும் விசிறியும் ஓடும். அதே அளவுப் பெட்டியை ஏசி ஆக்கினால் 25 கிலோவாட் ஆல்டர்நேட்டர் வைக்க வேண்டியிருந்தது. குளிர்ச்சி என்பது விளக்கு விசிறி சாதியே இல்லை, அது வேறு.

இதெல்லாம் கேட்டுவிட்டு வீட்டம்மா, "அப்ப வெயில்ல நிறுத்தாதீங்க" என்றாள். சரிதான், ஆனால் நிழலில் நிறுத்தினால் பேனல்? அந்த இடத்தில் சபை கலைந்தது.

ஆறாம் நாள், வியாழன்

அறுபத்துமூவர் திருவிழா அன்றைக்கு மயிலாப்பூர் பக்கம் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவனை என்ன சொல்வது. தெருவெல்லாம் அடைப்பு. ராயப்பேட்டையில் ஒரு சந்தில் விட்டுவிட்டு நடந்தோம். நீர்மோர், பானகம், புளியோதரை, விசிறி எல்லாம் கேட்காமலே கைக்கு வந்தன. அன்றைய சாப்பாட்டுச் செலவு பூஜ்யம்.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. நடமாடும் குடித்தனத்துக்கு வங்கிக் கணக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பென்ஷன் வருகிற கணக்கை எந்த ஃபோன் செயலியிலும் கோக்கவில்லை. வீட்டு வாடகை 17,000 வருகிற சின்னக் கணக்கில் மட்டும் யுபிஐ. ஃபோன் தொலைந்தாலும், யாராவது ஏமாற்றினாலும், போவது அந்த மாச வாடகைதான். மோர் பந்தல் கூட்டத்தில் வங்கி சர்வர் இழுத்துக்கொண்டே நிற்கும்போது யுபிஐ லைட் கைகொடுத்தது. 1,000 ரூபாய்க்குள் என்றால் பின் போடாமல் ஃபோனில் ஒதுக்கி வைத்த பணத்திலிருந்தே போய்விடும். ஆகமொத்தம் 5,000 வரை அதில் வைத்திருக்கலாம். பூக்காரம்மாவுக்கு 40 ரூபாய் அப்படித்தான் கொடுத்தேன்.

டயர், இன்சூரன்ஸ், எஃப்சி மாதிரிப் பெரிய செலவுகளுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டிருக்கிறேன். போட்டபோது 8.2 சதவீதம், ஐந்து வருஷத்துக்கு அது மாறாது. மூன்று மாசத்துக்கு ஒரு முறை 30,750 வருகிறது. வண்டி கேட்கிற நேரத்துக்கும் அது வருகிற நேரத்துக்கும் பெரிதாகப் பகையில்லை. நவம்பர் மாச உயிர்வாழ் சான்றிதழைக்கூட இப்போது ஃபோன் காமிராவில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம், எந்த ஊரில் இருந்தாலும். நிலையான முகவரிக்கு ஆதாரில் வில்லிவாக்கம் வீடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வருகிற தபாலைக் குடிவந்தவர் படம் பிடித்து அனுப்புகிறார்.

ஏழாம் நாள், வெள்ளி

ஈசிஆரில் கோவளம். தெரிந்தவர் ஒருவரின் மனை, சுற்றிலும் சவுக்கு, நடுவில் பெரிய பூவரசு. கேட்டைத் திறந்துவிட்டு, "ஆடு மட்டும் வரும், பாத்துக்குங்க" என்றார்.

பூவரசுக்கு அடியில் நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் உள்ளே 33. வீட்டம்மா தலையணையைப் போட்டுவிட்டாள். நான் மட்டும் சோலார் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 400 வாட் பேனலிலிருந்து 28 வாட். பேனலில் இலை நிழல் உள்ளங்கை அளவு விழுந்தால்கூட ஒரு பகுதியே செத்துவிடும், ஏனென்றால் உள்ளே செல்கள் சங்கிலியாகக் கோத்தவை. இங்கே முழு மரமே மேலே.

மச்சான் வீட்டுத் திண்ணையில் விட்ட கேள்வி ராத்திரி முழுக்க மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. பேனலைக் கூரையில் போல்ட் போட்டு இறுக்கியதால்தான் வண்டி வெயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது. வண்டி வெயிலில் நிற்பதால் விசிறி 24 மணி நேரமும் சுற்றுகிறது, ஃபிரிட்ஜ் மூச்சு வாங்குகிறது. அதற்காக இன்னும் கரண்ட், அதற்காக இன்னும் வெயில். செக்கு மாடு.

ஏணி வைத்து ஏறினேன். 10 எம்எம் போல்ட் எட்டு. பின்பக்கப் பேனலைக் கழற்றிக் கயிற்றில் இறக்கினேன். கனெக்டரைப் பிரித்து 6 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிள் 10 மீட்டர் சேர்த்தேன். இரண்டு பேனலையும் சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) வைத்திருந்ததைப் பேரலலாக (தனித்தனிப் பாதையாக) மாற்றினேன். சீரீஸில் விட்டால் நிழலில் இருப்பது வெயிலில் இருப்பதையும் கழுத்தைப் பிடித்து இழுக்கும். சவுக்குக் கம்பு இரண்டை முட்டுக் கொடுத்துப் பேனலைச் சாய்த்து வைத்தேன். காலையில் கிழக்கே, உச்சிக்குப் படுக்க, 2 மணிக்கு மேல் மேற்கே என்று மூன்று முறை திருப்பினேன்.

சாயந்திரக் கணக்கு: கீழே வைத்த ஒற்றைப் பேனல் 870 வாட் அவர், கூரையில் நிழலில் கிடந்தது 130. ஆக 1,000. வெயிலில் நிறுத்தியிருந்தால் 1,350 வந்திருக்கும், அது நிஜம். செலவைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் 520 தின்றது இன்று 380. விசிறி 576லிருந்து 300. மிச்சச் சில்லறை 200. மொத்தம் 880. வெயிலில் நின்ற நாளில் பேட்டரிக்கு மிஞ்சியது 50, நிழலில் நின்ற இன்று 120. மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கியும் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் காற்று ஓட இரண்டு அங்குல இடைவெளி விட்டிருந்தேன், அதனால் பேனலே கூரைக்குக் குடையாகவும் இருந்தது. இப்போது அந்த இடம் வெறும் தகரம். வெயிலில் ஓட்டிப் போகும்போது அந்தப் பகுதி காய்கிறது. மொட்டை மாடிக்கு அடிக்கிற வெள்ளை கூலிங் பெயின்ட் வாங்கி இரண்டு கோட் அடிக்க வேண்டும். பேனலுக்குச் சங்கிலியும் பூட்டும் வேண்டும். நகரத் தெருவில் இப்படிக் கீழே வைத்துவிட்டுத் தூங்க முடியாது.

மூன்றாவது முறை திருப்பப் போனபோது ஆடு வந்திருந்தது. சாய்த்து வைத்த பேனலுக்குப் பின்னால், அந்த முழுத் தோப்பிலும் வேறு நிழலே இல்லாத மாதிரி, குட்டியோடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள், சனி

காலையில் கேஸ் தீர்ந்தது. 5 கிலோ சின்ன சிலிண்டர், சோட்டு என்று விற்கிறார்களே அது. முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும், அதனால் எங்களைப் போன்ற நாடோடிகளுக்கு வசதி. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியிருக்கலாமே என்று பையன் பெங்களூரிலிருந்து ஃபோனில் கேட்கிறான். ஒரு கிலோ கேஸில் சுமார் 12.8 யூனிட் சூடு இருக்கிறது. இந்தச் சின்ன சிலிண்டரில் 60 யூனிட்டுக்கு மேல். எங்கள் பேட்டரியில் இரண்டரை. அடுப்பில் பாதி சூடு பக்கவாட்டில் போனாலும் கேஸ்தான் ஜெயிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைத்திருக்கும் பெட்டியின் அடித்தகட்டில், நேரே ரோட்டைப் பார்த்து இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். சன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்று நினைப்பது அதற்கு உதவாது.

கத்திரிக்கு என்ன செய்வது என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். "ஏசிக்குக் குடுக்கற காசுல ஏலகிரி எத்தன தடவ போய் வரலாம், அதப் பாருங்க." பார்த்தேன். போக வர 460 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 என்றால் 46 லிட்டர், டீசல் 4,300 ரூபாய்க்குள். டோல் தனி. 83,000க்கு ஏசி போடுவதற்குப் பதில் பத்துப் பதினைந்து கத்திரியை மலையிலேயே கழிக்கலாம். ஃபாஸ்டாக் வருஷப் பாஸ் 200 தடவைக்கு என்று 2025 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது, தனியார் கார், ஜீப், வேனுக்கு; தொடங்கியபோது 3,000 ரூபாய். ஆனால் அது தேசிய நெடுஞ்சாலைக்குத்தான். நேற்று கோவளம் வந்த ஈசிஆர் மாதிரி மாநிலச் சாலை டோலில் செல்லாது. வருஷத்துக்கு எத்தனை டோல் தாண்டுவோம் என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மத்தியானம் ரெட்ஹில்ஸ் பக்கம் ஒரு எடை மேடையில் வண்டியை ஏற்றினேன். தொட்டி நிறையத் தண்ணீர், டீசல், நாங்கள் இருவர் எல்லாம் சேர்த்து. ஆர்சியில் உள்ள மொத்த எடைக்கு 90 கிலோதான் பாக்கி. பின் அச்சில் பாரம் கூட. எதையாவது இறக்கியாக வேண்டும். கிரைண்டரைப் பார்த்தேன். அவள் என் டூல் பாக்ஸைப் பார்த்தாள்.

டூல் பாக்ஸ் இரண்டாகப் பிரிந்து, பாதி இன்று ராத்திரி மச்சான் பட்டறையில் இறங்குகிறது. சுத்தியலும் அந்தப் பாதியில்தான்.